மதித்தலும் மதிப்பிடுதலும்: நூல் மதிப்புரை நடந்து வந்த வழி

'மதிப்பு' என்னும் சொல் தமிழில் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒருவரை மதிக்கிறோம் என்னும்போது அவருக்குரிய பெருமையை ஏற்றுக்கொள்கிறோம். ஒன்றை மதிப்பிடுகிறோம் என்னும்போது அதன் அளவையும் தரத்தையும் கணிக்கிறோம். ஆசிரியர் விடைத்தாளில் இடும் மதிப்பெண் பின்னதைச் சார்ந்தது. விழா மேடையில் அணிவிக்கும் பொன்னாடை முன்னதைச் சார்ந்தது. 'மதிப்புரை' என்னும் சொல்லிலோ இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. படித்தவர் ஒருவர் தாம் படித்த நூலைப் பற்றிப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது இந்த இரண்டு பொருள்களில் எது ஓங்கி நின்றது என்னும் வினாவைக் கொண்டே தமிழில் நூல் மதிப்புரையின் வரலாற்றை எழுதிவிடலாம். அதனைச் சுருக்கமாகக் கூறி, இந்நாட்டில் அது எங்கே நின்றுபோயிற்று என்பதையும், அதனை மேலே கொண்டுசெல்ல ஆசிரியரும் மாணவரும் என்ன செய்யக்கூடும் என்பதையும் காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பாயிரமும் குற்றமும்

நூலைப் பற்றி நூலாசிரியர் அல்லாத ஒருவர் கூறும் உரைக்குத் தமிழ் இலக்கண மரபு சிறப்புப்பாயிரம் என்று பெயரிட்டது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் இயற்றியதாக வழங்கும் பாயிரம் இதற்கு முன்மாதிரி. அந்த நூல் எந்த நிலப்பரப்பின் மொழியைப் பற்றியது, ஆசிரியர் எவற்றை ஆராய்ந்து எழுதினார், யார் முன்னிலையில் அதனை விளக்கினார் என்னும் செய்திகளை அப்பாயிரம் தருகிறது. வழக்கையும் செய்யுளையும் ஆசிரியர் தம் ஆய்வுக்குத் தளமாகக் கொண்டார் என்று அது கூறுவதை இன்றைய ஆய்வு மொழியில் தரவு பற்றிய குறிப்பு என்போம். அரங்கேற்றத்தின்போது நூலைக் கேட்டவராக அதங்கோட்டாசானையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூல் இம்மரபை விதியாக்கியது. ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், அமைப்பு, நுவலும் பொருள், அதனைக் கேட்கத் தக்கவர், அதனால் விளையும் பயன் ஆகிய எட்டும் பாயிரத்தில் இடம்பெற வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. நூலைக் கையில் எடுப்பவர்க்குத் தேவையான செய்தி அனைத்தும் இப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன. 'கேட்கத் தக்கவர் யார்' என்னும் உறுப்பு தனியே கருதத்தக்கது. எல்லா நூலும் எல்லார்க்கும் ஏற்றதாகாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

அதே நன்னூல் நூலுக்கு நேரக்கூடிய பத்துக் குற்றங்களையும் தொகுத்துள்ளது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும் அவற்றுள் அடங்கும். அதற்கு எதிராகப் பத்து அழகுகளையும் அது வகுத்துள்ளது. ஆக, மதிப்புரைக்கு வேண்டிய இரு கருவிகளும் நம்மிடம் இருந்தன: நூலை அறிமுகப்படுத்தும் பாயிரம் ஒன்று, நூலை அளந்து பார்க்கும் குற்றமும் அழகும் மற்றொன்று. ஆயினும் இவை வெவ்வேறு கைகளில் இருந்தன. குற்றங்களின் பட்டியல் நூல் எழுதுவோர்க்கு எச்சரிக்கையாகப் பயன்பட்டது. பாயிரமோ நூலாசிரியருக்கு நெருக்கமானவர்களின் உரிமையாயிற்று. ஆசிரியரின் ஆசான், உடன் பயின்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோரே அதனை இயற்றுதற்கு உரியவர் என்பது இலக்கணம். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்னும் நன்னெறியே இதற்குக் காரணம். எனினும் நெருக்கமானவர் கூறும் உரை காலப்போக்கில் புகழுரையாக மாறுவது இயல்பு. பாயிரத்திற்கு வழங்கிய பெயர்களுள் 'அணிந்துரை', 'புனைந்துரை' என்பவையும் உண்டு. அணிதலும் புனைதலும் அழகூட்டும் செயல்கள் அல்லவா?

அச்சு வந்தபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்த நூல்கள் அச்சேறின. அந்நூல்களின் முகப்பில் புலவர்கள் பலர் வழங்கிய சாற்றுகவிகள் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. பின்னர் உரைநடை நூல்கள் பெருகியபோது, கற்றோரும் இதழ்களும் வழங்கிய 'அபிப்பிராயங்கள்' நூலோடு சேர்த்து அச்சிடப்பட்டன. இரண்டும் நூலை விற்க உதவின. நூலை அளக்க உதவவில்லை. மதித்தல் என்னும் பொருளே அங்கு ஓங்கி நின்றது.

இந்நிலையை மாற்றியவை இதழ்கள். நூலாசிரியரோடு உறவு இல்லாத ஒருவர், விலை கொடுத்து வாங்கப் போகும் வாசகரின் பக்கம் நின்று பேசும் வாய்ப்பு இதழில்தான் முதன்முதலாகக் கிடைத்தது. 'வரப்பெற்றோம்' என்னும் தலைப்பில் நூற்பெயர்களைத் தரும் வழக்கமும், மதிப்புரைக்கு இரண்டு படிகள் அனுப்புக என்னும் அறிவிப்பும் இதழ்களில் நிலைபெற்றன. 1933இல் தோன்றிய 'மணிக்கொடி'யைச் சார்ந்த எழுத்தாளர்கள் தயவு தாட்சணியமின்றிக் கருத்துரைப்பதை ஓர் அறமாகவே கொண்டனர். பாரதி மகாகவியா என்னும் வினாவை ஒட்டிக் கல்கிக்கும் அவர்களுக்கும் மூண்ட விவாதம் நாடறிந்தது. அவ்விவாதத்தின் விளைவாகக் கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 1937இல் 'கண்ணன் என் கவி' என நூலாயின. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' விமர்சனத்தையே தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக ஏற்றது.

சொற்களும் இம்மாற்றத்தைக் காட்டுகின்றன. ஆராய்தல் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து 'விமர்சனம்' வந்தது. அதற்கு நிகராகத் 'திறனாய்வு' என்னும் தமிழாக்கம் கல்வித்துறையில் நிலைபெற்றது. பேச்சு வழக்கிலோ 'விமர்சித்தார்' என்றால் 'குறை கூறினார்' என்றே பொருள்படுகிறது. ஆராய்தல் என்னும் நடுநிலைச் சொல், பழித்தல் என்னும் பொருளுக்குச் சரிந்துவிட்டது. அளந்து பார்ப்பதையே அவமதிப்பாகக் கருதும் மனநிலை நம்மிடம் எவ்வளவு ஆழமாக உள்ளது என்பதற்கு இப்பொருள் மாற்றமே சான்று.

மலாயாவில்

1924இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கப்பெற்றது. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரச'த் தொடங்கினார். தோட்டப்புறங்களில் எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். கேட்டவர்கள் கருத்தும் கூறினர். இந்நாட்டில் வாசிப்பும் மதிப்பீடும் தொடக்கத்தில் கூட்டுச் செயல்களாகவே இருந்தன என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது.

1950களின் தொடக்கத்தில் நிகழ்ந்த இரண்டு முயற்சிகளை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலக்கிய வரலாறு தவறாமல் குறிப்பிடும். 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' ஒன்று. 'தமிழ் முர'சில் நடைபெற்ற 'ரசனை வகுப்பு' மற்றொன்று. முன்னது எழுதக் கற்றுக்கொடுத்தது. பின்னது படிக்கக் கற்றுக்கொடுத்தது. இரண்டுக்கும் 'வகுப்பு' என்று பெயர் வைத்தது பொருத்தமே. மதிப்பீடு என்பது பயிற்சியால் வருவது, பிறவியிலேயே அமைந்த வரம் அன்று என்னும் கருத்து அப்பெயரில் உள்ளது. 1952இல் தமிழகத்திலிருந்து வந்து 'தமிழ் நேச'னில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, 1957வரை இங்கிருந்த காலத்தில் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, படைப்புகளின் நிறைகுறைகளைப் பேசச் செய்தார். பிற்காலத்தில் ரெ. கார்த்திகேசு போன்றோர் இப்பணியைத் தொடர்ந்தனர். 2007இல் தொடங்கிய 'வல்லினம்' இதழ் கடுமையான விமர்சனத்திற்கு மீண்டும் இடமளித்தது.

பல்கலைக்கழகம் வேறொரு வகையில் உதவியது. மதிப்பிடுவதற்கு முன் என்னென்ன நூல்கள் உள்ளன என்று தெரிய வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள், தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டித் தொகுப்பொன்றை 1966இல் வெளியிட்டார். முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிய ஆண்டும் அதுவே. 1969இல் இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலைத் 'தமிழ் மலேசியானா' என்னும் பெயரில் தொகுத்தார். கதையும் கவிதையும் மட்டுமன்றிப் பல துறை நூல்களையும் ஒருங்கே காணும் பார்வையை இத்தகைய பட்டியல்களே தருகின்றன.

விடுபட்ட நூல்கள்

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் இடைவெளி புலப்படும். கதைக்கு வகுப்பு இருந்தது. கவிதைக்குக் கருத்தரங்கு இருந்தது. சமையல் நூலுக்கும் மருத்துவ நூலுக்கும் சட்ட விளக்க நூலுக்கும் அகராதிக்கும் எந்த வகுப்பும் இருந்ததில்லை. மக்கள் காசு கொடுத்து வாங்கி, நம்பி, அதன்படி நடக்கும் நூல்கள் இவையே. ஒரு நாவல் சுவையற்றதாயின் வாசகருக்குச் சில மணி நேரம் வீணாகும். மருத்துவ நூலில் பிழை இருந்தால் உடல்நலம் கெடும்.

மலேசிய வாசகருக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கு விற்பனையாகும் தமிழ் நூல்களுள் பெரும்பாலானவை தமிழகத்தில் அச்சானவை. தொழிலாளர் உரிமை பற்றிய தமிழக நூல் இந்தியச் சட்டத்தையே விளக்கும். நம் தொழிலாளர்க்குத் தேவை 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும், ஊழியர் சேமநிதியும், சொக்சோவும் பற்றிய விளக்கம். தோட்டக்கலை நூல் ஆடிப்பட்டத்தில் விதைக்கச் சொல்லும். நிலநடுக்கோட்டை அடுத்து, ஆண்டு முழுவதும் மழை பெறும் நம் மண்ணில் அந்தக் கணக்கு பொருந்தாது. சிறுவர் கணித நூலில் விலைகள் ரூபாயில் இருக்கும்; நம் குழந்தை கடையில் கொடுப்பது ரிங்கிட். இவை நூலாசிரியரின் குற்றங்கள் அல்ல. நன்னூல் கூறிய 'எல்லை' மாறிவிட்டது, அவ்வளவே. ஆனால் எல்லை மாறியதை வாசகருக்கு யார் எடுத்துச் சொல்வது? இங்கிருந்து அந்நூலைப் படித்த ஒருவரே சொல்ல முடியும். உள்ளூர் வாசகரின் மதிப்புரைக்கு வேறெவராலும் ஈடுசெய்ய முடியாத பயன் இங்கேதான் உள்ளது.

சுங்கை வேயின் வரலாறே இதற்கு எடுத்துக்காட்டாகும். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான இவ்விடம், 1970களில் தடையற்ற வாணிக மண்டலமாகித் தொழிற்சாலைகள் நிறைந்தது. பால்மரத் தோட்டங்களை விட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், மின்னணுத் தொழிற்சாலைப் பணியையும் மாதக் கடன் கணக்கையும் அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையையும் ஒரே தலைமுறையில் கற்க நேர்ந்தது. அவர்களுக்கு வேண்டிய அறிவைத் தமிழில் தரும் நூல்கள் எவை, அவற்றுள் நம்பத்தக்கவை எவை என்று கூறும் குரல் நம் இதழ்களில் மிகக் குறைவாகவே ஒலித்தது. அறிவுத் துறைகளுக்குத் தமிழ் போதாது என்று இளையோர் சிலர் கருதுகின்றனர் எனில், அந்தக் கருத்து உருவானதில் இம்மௌனத்திற்கும் பங்கு உண்டு.

நம் நூல் வெளியீட்டு விழாக்கள் இம்மௌனத்தை நிரப்பவில்லை. விழாவில் முதல் நூலைப் பெறுபவர் மதிக்கப்படுகிறார், நூலாசிரியர் மதிக்கப்படுகிறார், அன்பளிப்பு உறைகள் அச்சுச் செலவை ஈடுசெய்கின்றன. சிறிய சமுதாயத்தில் பதிப்புத் தொழில் பிழைத்திருக்க இவ்வழக்கம் உதவியது என்பதை மறுக்க இயலாது. எனினும், நூலாய்வு செய்பவரும் நூலாசிரியரும் நாளை ஒரே திருமண வீட்டில் சந்திக்க வேண்டியவர்கள். ஆகவே ஆய்வுரை மீண்டும் சாற்றுகவியாகிவிடுகிறது. 2019இன் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' தன் தொண்ணூற்று நான்கு ஆண்டுப் பயணத்தை நிறுத்தியபோது, மதிப்புரைக்குரிய பொதுவெளி மேலும் சுருங்கியது.

வகுப்பறையில் தொடங்கலாம்

மாற்று வழி நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. 1990களின் இறுதியிலிருந்து மலேசியப் பள்ளிகளில் நடைமுறையில் உள்ள நீலாம் வாசிப்புத் திட்டத்தின்படி, மாணவர்கள் தாம் படித்த நூலின் பெயர், ஆசிரியர், சுருக்கம் முதலியவற்றைப் பதிவு செய்கின்றனர். கதை நூலும் அறிவியல் நூலும் வரலாற்று நூலும் அப்பதிவேட்டில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. நாட்டின் மிகப்பெரிய மதிப்புரைத் தொகுப்பு நம் மாணவர்களின் கையெழுத்திலேயே இருக்கிறது என்றாலும் மிகையாகாது. ஆனால் எத்தனை நூல் படித்தார் என்னும் எண்ணிக்கைக்குக் கிடைக்கும் பாராட்டு, எப்படிப் படித்தார் என்பதற்குக் கிடைப்பதில்லை. 'இந்நூல் மிகவும் பயனுள்ளது' என்னும் ஒரே வரி எல்லா நூலுக்கும் பொருந்திவிடுகிறது. எல்லா நூலுக்கும் பொருந்தும் வரி எந்த நூலையும் அளப்பதில்லை.

ஆசிரியர்கள் ஒவ்வொரு துறைக்கும் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளலாம். சமையல் நூலாயின், அதில் கூறியபடி ஓர் உணவைச் சமைத்துப் பார்த்து, அளவும் நேரமும் சரியா என்று எழுதட்டும். அகராதியாயின், அன்றைய நாளிதழில் தெரியாத பத்துச் சொற்களைத் தேடி, எத்தனை கிடைத்தன என்று எழுதட்டும். மருத்துவம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளாயின், எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த நாட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்று முதலில் பார்க்கட்டும். வரலாற்று நூலாயின், ஆசிரியர் எவற்றைச் சான்றாகக் காட்டுகிறார் என்று கேட்கட்டும். நிறைவாக, இந்நூல் யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று என்று ஒரு வாக்கியம் எழுதட்டும். பனம்பாரனாரும் பவணந்தியாரும் வகுத்த கேள்விகளே இவை, புதியவை அல்ல.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் ஆகும். அவ்விருவரையும் ஒருவரோடொருவர் சேர்த்துவைப்பதே மதிப்புரையின் பணி. நூலை அளந்து பார்ப்பது அதனை இழிவுபடுத்துவதாகாது. ஒருவர் உழைத்து எழுதியதை முழுமையாகப் படித்து, அதில் கூறியதைச் செய்து பார்த்து, கண்டதைக் கண்டவாறு எழுதுவதைவிட அவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை எது? பொன்னாடை அன்று மாலையே மடித்து வைக்கப்படும். பதினான்கு வயது மாணவி ஒருத்தி, 'ஏழாம் பக்கத்தில் கூறிய அளவில் உப்பு மிகுதி. மற்றவை சரி' என்று எழுதினால், அந்த வரி அடுத்த பதிப்பையே திருத்தக்கூடும்.