வலையறுத்த எலியும் வாளேந்திய சுண்டெலியும்

விலங்குகளைப் பேசவைத்துக் கதை சொல்வது மாந்தரின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. அவ்விலங்குகளையே வீரர்களாக்கி, வாழிடம் இழந்து, வழி தேடி, பகைவரோடு பொருது, புதிய வாழ்வைக் கண்டடையும் நெடுங்கதைகளைச் சிறாருக்கென எழுதும் வழக்கமோ அண்மைக் காலத்தது. இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டு அன்னா சூவெல் ஒரு குதிரை தன் வாழ்க்கையைத் தானே சொல்வதாக நாவல் எழுதினார். பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட ‘ஜங்கிள் புக்’கில் ஒரு கீரிப்பிள்ளை நாகங்களோடு போரிட்டு ஒரு குடும்பத்தைக் காத்தது. 1908இல் கென்னத் கிரஹாம் ஆற்றங்கரை விலங்குகளை மனிதரைப்போல் உடுத்தி உலவவிட்டார். இந்த ஓடை பேராறாகப் பெருகியது 1970களுக்குப் பின்னர்தான். ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதிய ‘வாட்டர்ஷிப் டவுன்’ (1972), பிரையன் ஜேக்ஸ் எழுதிய ‘ரெட்வால்’ (1986) ஆகிய இரண்டும் அப்பெருக்கின் இரு கரைகள் எனலாம். முன்னது முயல்களின் கதை. பின்னது வாளேந்திய ஒரு சுண்டெலியின் கதை.

ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகளின் கைகளுக்கும் இத்தகைய நூல்கள் வந்து சேர்ந்துள்ளன. அவை வீரத்தைக் கற்பிக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் யாரை எதிர்த்து வீரம் என்பதையும் அவை சேர்த்தே கற்பிக்கின்றன. பகைவன் தன் செயலால் பகைவன் ஆகிறானா, பிறப்பால் ஆகிறானா? இக்கேள்விக்கு இவ்விரு நூல்கள் தரும் விடைகளை, ஏறத்தாழப் பன்னிரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் இதே கேள்வியை எதிர்கொண்ட ஓர் அரபு நூலின் அருகில் வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

செவிக்கெனப் பிறந்த கதைகள்

ஆடம்ஸ் 1920இல் பெர்க்‌ஷயர் மாவட்டத்து நியூபரியில் பிறந்தவர், அரசு அலுவலர். நெடிய கார்ப் பயணங்களில் தம் இரு பெண்மக்களின் சலிப்பைப் போக்க அவர் வாய்மொழியாகச் சொன்ன கதையே பின்னர் நூலாயிற்று. எழுதும்படி வற்புறுத்தியவர்களும் அம்மக்களே. பல பதிப்பகங்கள் அதனை ஏற்க மறுத்தன. ரெக்ஸ் காலிங்ஸ் என்னும் சிறு பதிப்பாளர் துணிந்து வெளியிட்டார். அவ்வாண்டுக்குரிய கார்னகி பதக்கம் அதற்குக் கிடைத்தது. முயல்களின் இயல்பை ஆடம்ஸ் கற்பனையால் மட்டும் வரையவில்லை. ரொனால்டு லாக்லி 1964இல் வெளியிட்ட முயல்கள் பற்றிய ஆய்வு நூலைத் துணைக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படையைச் சார்ந்த பிரிவொன்றில் பணியாற்றிய அவர், அங்கே உடனிருந்த அதிகாரிகளின் குணங்களைத் தம் முயல்களுக்கு அளித்தார். 2016 டிசம்பரில் தம் 96ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஜேக்ஸின் கதை வேறு வகையானது. 1939இல் லிவர்பூல் நகரின் உழைக்கும் குடும்பம் ஒன்றில் பிறந்து, 15ஆம் வயதில் பள்ளியை விட்டுக் கடலோடியாகவும் வேறு பல தொழில்கள் செய்பவராகவும் வாழ்ந்தவர் அவர். அந்நகரின் பார்வையற்றோர் பள்ளிக்குப் பால் கொண்டுசெல்லும் வேலையில் இருந்தபோது, அங்குள்ள சிறாருக்கு நூல்களைப் படித்துக் காட்டலானார். கிடைத்த நூல்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே தாமே ஒன்று எழுதினார். அவருடைய பழைய ஆசிரியர் ஆலன் டர்பாண்ட் கையெழுத்துப் படியைப் பதிப்பாளரிடம் சேர்ப்பித்தார். பின்னர் அது 22 நாவல்கள் கொண்ட தொடராக வளர்ந்தது. ஜேக்ஸ் 2011இல் மறைந்தார். இறுதி நாவல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

ரெட்வால் நாவல்களில் உணவின் மணமும் சுவையும், மணியின் ஓசையும், கல்லின் குளிர்ச்சியும் அவ்வளவு விரிவாக வருவதன் காரணம் இப்போது விளங்கும். கண்ணால் காண இயலாத பிள்ளைகளின் முன் உலகை எழுப்பிக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. போர்க்காலப் பங்கீட்டு உணவில் வளர்ந்த ஒருவரின் பசியும் அந்த விருந்துகளில் கலந்திருந்தது. இரு நூல்களும் ஏட்டுக்காக அன்றி, எதிரில் அமர்ந்திருந்த குழந்தையின் செவிக்காகப் பிறந்தவை. ‘ஹிகாயத்’ என்னும் சொல்லின் இயல்பை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

புனைகதையும் பொய்யும்

விலங்கு பேசியதாகச் சொல்வது பொய்யாகாதா என்னும் வினாவை நம் பெற்றோர் சிலர் எழுப்புவதுண்டு. அரபிக் கல்லூரிகளில் நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவரும் ‘மகாமாத்’தின் முன்னுரையே இதற்கு விடை தருகிறது. ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த இமாம் ஹரீரி, தம் கற்பனைக் கதைகளுக்கு வரக்கூடிய ஆட்சேபத்தை எதிர்கொள்ளும்போது, வாயற்ற விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேசவைத்த நூல்களையே தமக்கு முன்னோடியாகக் காட்டுகிறார். அவற்றைக் கேட்க மறுத்தவரையோ, அவற்றைச் சொன்னவர்களைப் பாவிகள் என்றவரையோ எவரும் கேள்விப்பட்டதில்லை என்பது அன்னாரின் வாதம். அதாவது, விலங்குக் கதையின் ஆகுமான தன்மை அவர் காலத்தில் நிறுவப்பட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. பிறவற்றை நிறுவுவதற்கான சான்றாகவே அது இருந்தது.

அம்மரபின் தலையூற்று ‘கலீலா வ திம்னா’. வடமொழிப் பஞ்சதந்திரம், அனூஷிர்வானின் ஆட்சிக் காலத்தில் (531–579) புர்ஸோய் என்னும் மருத்துவரால் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அதனை எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரபியில் தந்தவர் பாரசீகத்தவரான அப்துல்லாஹ் இப்னுல் முகஃப்பஃ. அரபியிலிருந்து ஹீப்ரு, ஹீப்ருவிலிருந்து இலத்தீன், பின் இத்தாலியம் எனப் பயணித்து, 1570இல் தாமஸ் நார்த் வாயிலாக அது ஆங்கிலத்தை அடைந்தது. ஆடம்ஸும் ஜேக்ஸும் இதனைப் பயின்று எழுதினார்கள் என்று நாம் கூறவரவில்லை. ஆயினும் ஆங்கிலேயச் சிறுவன் கையிலிருக்கும் விலங்குக் கதைக்கு அரபு மூதாதை ஒன்று உண்டு என்பது வரலாறு.

வலைக்குள் வீழ்ந்த புறாக்கள்

அந்நூலில் கழுத்து வளையமுடைய புறாவின் அத்தியாயம் நம் கவனத்துக்குரியது. வேடனின் வலையில் ஒரு புறாக்கூட்டம் சிக்குகிறது. ஒவ்வொன்றும் தன்னைமட்டும் விடுவித்துக்கொள்ளச் சிறகடிக்கிறது. தலைவியான வளையப்புறா எல்லோரும் ஒருசேர எழும்படி கூற, வலையோடு அவை பறந்துவிடுகின்றன. அப்பால் அவளுடைய நண்பனான எலி வலையை அறுக்க முன்வருகிறது. தலைவியின் கட்டை முதலில் அறுக்கத் தொடங்கியபோது அவள் தடுக்கிறாள்: மற்றவற்றின் கட்டுகளை முதலில் அறு, என்னைக் கடைசியில் வைத்தால் சோர்ந்தாலும் நீ நிறுத்தமாட்டாய் என்பது அவள் சொல்லும் காரணம்.

தலைமையின் இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை அரிது. ஆடம்ஸின் முயல்கள் ஆற்றங்கரையில் நிற்கும் காட்சி இங்கு நினைவுக்கு வருகிறது. பின்னால் நாய் வருகிறது, வலியவை நீந்திவிடலாம், களைத்துப்போன இரு சிறு முயல்களால் இயலாது. ஹேஸல் என்னும் தலைவன் அவற்றை விட்டுச்செல்ல மறுக்கிறான். அறிவுடைய மற்றொரு முயல் மிதக்கும் பலகையைக் கண்டறிந்து அவற்றைக் கரைசேர்க்கிறது. ஹேஸல் கூட்டத்தில் மிக வலியவனும் அல்லன், மிக அறிவுடையவனும் அல்லன். பிறருடைய வலிமையையும் அறிவையும் ஒன்றுசேர்ப்பவன். வளையப்புறாவும் அத்தகையவளே.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களைக் கூறும் ஹதீஸில் காகமும் எலியும் இடம்பெறுகின்றன. புறாவை விடுவித்ததும் எலிதான். அதனைக் கண்டு எலியின் நட்பை வேண்டி நிற்பதும் காகம்தான். நீ உண்பவன், நான் உணவு. நமக்குள் நட்பு எவ்வாறு என எலி முதலில் தயங்குகிறது. பின்னர் ஆமையும் மானும் சேர, அந்நால்வரும் தூய நட்பின் இலக்கணமாகின்றனர். தீங்கைத் தடுக்கும் சட்டம் வேறு, குணத்தைக் கற்பிக்கும் கதை வேறு என்ற தெளிவோடுதான் இந்நூல் பல நூற்றாண்டுகள் கற்றறிந்தோர் வட்டங்களில் பயிலப்பட்டது.

பிறப்பா, செயலா?

ரெட்வால் நாவலில் எலியின் நிலை என்ன? மத்தையஸ் என்னும் அநாதைச் சுண்டெலி, ரெட்வால் மடத்தில் வளரும் பணிவான இளைஞன். ஒற்றைக் கண்ணுடைய குளூனி என்னும் பெருச்சாளி, எலிகளும் மரநாய் இனங்களும் கொண்ட படையோடு மடத்தை முற்றுகையிடுகிறான். பண்டைய வீரன் மார்ட்டினின் வாளைத் தேடிக் கண்டடைந்து மத்தையஸ் மடத்தைக் காக்கிறான். எளியவன் கொடியவனை வெல்லும் இக்கதை சிறாரை ஈர்ப்பது இயல்பே. அஞ்சி ஒடுங்கும் ஒரு பிள்ளைக்கு, சுண்டெலியும் நிமிர்ந்து நிற்கலாம் எனச் சொல்வது சிறிய உதவியன்று.

ஆனால் தொடர் வளர வளர ஒரு விதி இறுகுகிறது. சுண்டெலி, அணில், நீர்நாய், முள்ளெலி முதலியவை நல்லவை. பெருச்சாளி, மரநாய், நரி முதலியவை தீயவை. விதிவிலக்குகள் சிலவே, 1994இல் வெளிவந்த ‘பெல்மேக்கர்’ நாவலில் நல்லுள்ளம் கொண்ட ஒரு கடற்கொள்ளை எலி வருகிறது. இவ்விதியை ஜேக்ஸ் நேரடியாகச் சோதித்த இடம் ‘அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்’ (1995). கொடிய தலைவன் ஒருவனின் கைக்குழந்தை, மடத்தின் நல்லோரிடையே வளர்கிறது. அது மரநாய் இனக் குட்டி. வளர்ப்பும் அன்பும் அதனைத் திருத்தவில்லை. நஞ்சிட முயன்று விரட்டப்படுகிறது. இறுதியில் தன்னை வளர்த்தவளைக் காக்கத் தன் உயிரையே தருகிறது. ஆயினும் கதையின் முடிவில் அவளே அது தீயதாகவே இருந்தது என்ற முடிவுக்கு வருகிறாள். இம்முடிவை விமர்சகர் பலர் ஏற்கவில்லை. நம்மாலும் ஏற்க இயலவில்லை. உயிர்த் தியாகமும் பிறப்பின் கறையைப் போக்காதெனில், நல்லொழுக்கம் கற்பிப்பதன் பயன்தான் யாது?

இங்கேதான் இப்னுல் முகஃப்பஃவின் நூல் நமக்குத் துணை வருகிறது. கலீலாவும் திம்னாவும் ஒரே இனத்து நரிகள், உடன்பிறந்தோர். ஒருவன் எச்சரிக்கிறான், மற்றவன் சூழ்ச்சி செய்து, சிங்கம் தன் நண்பனான காளையைக் கொல்லச் செய்கிறான். பஞ்சதந்திரத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் அரபு நூலில் இதன்பின் வருகிறது: திம்னாவின் விசாரணை. அவையில் பன்றிகளின் தலைவன் எழுந்து, திம்னாவின் கண்ணமைப்பும் மூக்கின் சாய்வும் அவன் வஞ்சகன் என்பதற்கு அடையாளங்கள் எனக் குற்றஞ்சாட்டுகிறான். உடற்குறிகளே தீர்ப்பென்றால் நன்மைக்குப் புகழும் தீமைக்குத் தண்டனையும் பொருளற்றுப் போகுமே எனத் திம்னா திருப்பிக் கேட்கிறான்.

திம்னா குற்றவாளிதான், வாசகர் அதனை அறிவர். எனினும் அவ்வாதத்தை ஆசிரியர் அவன் வாயிலேயே வைக்கிறார். முகக்குறி கொண்டு அவன் தண்டிக்கப்படவில்லை. அவன் பேச்சை மறைந்திருந்து கேட்ட சிறுத்தையும், சிறையில் கிடந்த மற்றொரு விலங்கும் சாட்சியம் அளித்த பின்னரே தண்டனை நிறைவேறுகிறது. குற்றவாளியையும் தவறான காரணத்துக்காகத் தண்டிக்கலாகாது என்னும் நீதியை ஒரு நரிக்கதை கற்பிக்கிறது.

இந்த அளவுகோலில் ஆடம்ஸின் நாவல் ரெட்வாலை விட உயர்ந்து நிற்கிறது. அதில் நல்லவரும் தீயவரும் முயல்களே. எஃப்ராஃபா என்னும் வளைநகரைக் கொடுங்கோலால் ஆளும் வூண்ட்வர்ட்டும் ஒரு முயல்தான். குட்டியாயிருந்தபோது தாயைக் கொடிய முறையில் இழந்தது அவன் உள்ளத்தை வன்மையாக்கியது எனக் கதை விளக்குகிறது. காப்பாற்ற வேண்டும் என்னும் ஆசை எவ்வாறு அடிமைப்படுத்தலாக மாறுகிறது என்பதைச் சிறாரும் உணரும்படி அது காட்டுகிறது.

விலங்குகளின் வழக்கு

அந்நாவலில் இன்னொரு குரலும் உண்டு. முயல்களின் முதல் வாழிடம் வேட்டைவிலங்கால் அழியவில்லை. வீடுகள் கட்டவந்த மனிதர்கள் வளைகளில் நஞ்சுக் காற்றைச் செலுத்தி அழித்தனர். இக்குற்றச்சாட்டைப் பத்தாம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத்தில் வைத்தவர்கள் பஸராவின் இஃக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள். அவர்களுடைய இருபத்திரண்டாம் ரிஸாலாவில், விலங்குகள் ஜின்களின் அரசன் முன் மனிதர்மீது வழக்குத் தொடுக்கின்றன. ஊனுண்ணிகளின் பிரதிநிதியாக அங்கே வருபவன் வேறு யாருமல்லன், திம்னாவின் சகோதரன் கலீலாதான். 1316இல் ஹீப்ருவிலும், 1810இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் வழியாக உருதுவிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. 1994இல் டெனிஸ் ஜான்சன்-டேவிஸ் அதனை இளையோருக்கேற்ப ஆங்கிலத்தில் தந்தார்.

பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமூகங்களே எனத் திருக்குர்ஆன் (6:38) அறிவிக்கிறது. தன் கூட்டத்தை எச்சரித்த எறும்பையும், அறியாத செய்தியை அரசருக்குக் கொணர்ந்த ஹுத்ஹுத் பறவையையும் 27ஆம் அத்தியாயத்தில் ஓதி வளரும் பிள்ளைகளுக்கு விலங்கின் குரல் அந்நியமானதன்று.

ஆகவே இந்நாவல்களை நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை; அவற்றோடு தனியே விட்டுவிடவும் வேண்டியதில்லை. மத்தையஸின் துணிவைப் படித்து மகிழும் பிள்ளையிடம், அந்த மரநாய்க் குட்டிக்கு இழைக்கப்பட்டது நீதிதானா என்று ஒரு கேள்வி கேட்போம். பிறகு, புறாக்களின் வலையை அறுத்தது யார் என்னும் கதையைச் சொல்வோம். ஒரு மக்கள் கூட்டத்தையே பிறப்பைக் காட்டித் தீயோர் எனச் சுட்டும் பேச்சு பிற்காலத்தில் அப்பிள்ளையின் செவியில் விழும். அன்று பன்றிகளின் தலைவனுக்குத் திம்னா அளித்த மறுமொழியை அப்பிள்ளை அறிந்திருத்தல் நலம்.