ஐடா ரோல்ஃபின் முழங்கை

ஆட்டுக்கறி நறுக்கிப் பழகியவர்களுக்கு அந்த வெண்சவ்வு தெரியும். தசைமேல் ஒட்டிக்கொண்டு கத்திக்கு வழுக்கும், உரித்து எறிந்துவிடுவோம். உடற்கூற்றியல் வகுப்புகளிலும் நெடுங்காலம் அதற்கு அதே கதிதான். ஃபேஷியா எனும் அந்த உறையை அறுத்து ஒதுக்கிவிட்டுத்தான் தசையைப் பார்த்தார்கள். உடலைக் கையால் சீராக்கும் ஆஸ்டியோபதி மருத்துவ முறையை அமெரிக்காவில் 1874இல் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் அதை மதித்த முன்னோடி. அதையே மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையைக் கட்டியவர் ஐடா ரோல்ஃப்.

1896இல் நியூயார்க்கில் பிறந்த ரோல்ஃப் மருத்துவர் அல்லர். 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் முனைவர் பட்டம் பெற்று, ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆஸ்டியோபதி, யோகா இரண்டையும் ஊன்றிக் கற்றார். கையில் அடிபட்டு வாசிக்க முடியாமல் தவித்த இசை ஆசிரியை ஒருவருக்குத் தொடக்க காலத்தில் சிகிச்சை அளித்தாராம். பேசிய கூலி, தன் பிள்ளைகளுக்கு இசைப் பாடம்.

காலப்போக்கில் பத்து அமர்வுகள் கொண்ட வரிசை ஒன்று உருவானது. முதல் அமர்வு விலாவுக்கும் மூச்சுக்கும், அடுத்தது பாதத்துக்கு; பிறகு இடுப்பு, வயிறு, கழுத்து. விரல் முட்டியும் முழங்கையும்தான் கருவிகள். 1960களில் உளவியலாளர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் வழியாக கலிபோர்னியாவின் எசலென் உளப்பயிற்சி நிலையத்துக்கு ரோல்ஃப் வந்தபின் அவருடைய முறை ‘ரோல்ஃபிங்’ என்ற பெயரில் பிரபலமானது. அது தந்த வலியும் சேர்ந்தே பிரபலமானது! 1971இல் கொலராடோவின் போல்டரில் பயிற்சி நிறுவனம் எழுந்தது. 1979இல் ரோல்ஃப் காலமானார். சீடர்கள் கிளை பிரிந்தார்கள். ஜோசப் ஹெல்லர் தனி முறை கண்டார், தாமஸ் மையர்ஸ் தசைத் தொடர்களை வரைபடமாக்கி 2001இல் நூலாக்கினார்.

ஆட்டம் கண்டது ரோல்ஃபின் விளக்கம்தான். கூழ்போல் இறுகிய ஃபேஷியா அழுத்தத்தால் இளகி, உடல் நிமிரும் என்று வேதியியலாளருக்கே உரிய முறையில் அவர் சொல்லிவந்தார். ரோல்ஃபிங் செய்பவரான ராபர்ட் ஷ்லைப் 2003இல் அதையே கேள்விக்குள்ளாக்கினார். நிரந்தரமாக இளக்கக் கையின் பலம் போதாது. சவ்விலுள்ள நரம்பு முனைகள் தூண்டப்பட்டுத் தசையிறுக்கம் தளர்வதே காரணமாக இருக்கலாம் என்றார். தொடையின் தடித்த உறையை ஒரு சதவீதம் அமுக்கவே மனிதக் கையால் ஆகாது என்று 2008இல் ஒரு கணித மாதிரி காட்டியது.

சொந்தக் கோட்பாட்டை உள்ளிருந்தே உடைத்துப் பார்த்தது இத்துறைக்குப் பெருமைதான். ஆனால் பலன் உண்டா என்பது தனிக் கேள்வி. தெளிவான சான்று இல்லை என்று கண்ட ஆஸ்திரேலியா, 2019 ஏப்ரல் முதல் ரோல்ஃபிங்கைத் தனியார் மருத்துவக் காப்பீட்டின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.