மணிக்கு முந்திய கோபுரம்

பல ஆண்டுகளுக்கு முன் சிலுவைப் போர்களின் வரலாறொன்றை ஆங்கிலத்திற் படித்துக்கொண்டிருந்தேன். 1099ஆம் ஆண்டு எருசலேம் முற்றுகை பற்றிய பகுதி அது. வீரர்கள் 'பெல்பிரி'யை மதிலை நோக்கி உருட்டிச் சென்றார்கள் என்றிருந்தது. பெல்பிரி என்றால் தேவாலயத்து மணிக்கோபுரம் என்றே நான் அறிந்திருந்தேன். 'பெல்' என்றால் மணியல்லவா? மணிக்கோபுரத்தை உருட்டிச் செல்வது எங்ஙனம்?

அகராதியைப் புரட்டியபோதுதான் என் செவி என்னை ஏமாற்றியமை புலனாயிற்று. அச்சொல்லின் வேரில் மணியே இல்லை. பழைய ஜெர்மானிய மொழிகளில் காத்தலைக் குறித்த சொல்லும் சமாதானத்தைக் குறித்த சொல்லும் கூடிப் பிறந்தது அது என்பர் அறிஞர். பிரெஞ்சு மொழியிற் புகுந்து 'பெர்பிரெய்' ஆயிற்று. சக்கரம் பூட்டிய மரக்கோபுரத்துக்கு அது பெயர். உள்ளே வீரர் மறைந்திருப்பர். மதிலை நெருங்கியதும் பாலமிட்டுப் பாய்வர். சமாதானத்தின் பெயரைத் தாங்கியபடியே அந்தக் கருவி நகரங்களை வீழ்த்தச் சென்றது.

காலப்போக்கில் ஊரின் காவற்கோபுரத்தையும் அச்சொல் குறித்தது. தீயைக் கண்டாலும் பகைவரைக் கண்டாலும் காவலன் ஊரை எழுப்பவேண்டும். ஆகவே உச்சியில் மணி தொங்கிற்று. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் இக்கோபுரங்கள் நகரத்தாரின் உரிமைக்கு அடையாளமாயின. மன்னரிடமும் பிரபுக்களிடமும் பெற்ற உரிமைப் பட்டயங்களை அங்கே பூட்டிவைத்தார்கள். புரூஜ் நகரத்துக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 83 மீற்றர். யுனெஸ்கோ 1999இலும் 2005இலும் இத்தகைய கோபுரங்களை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வரும்போது ஒன்று லகரமாகத் திரிவதுண்டு. 'பெர்பிரெய்'யும் அவ்வாறு திரிந்தது. ஆங்கிலேயர் செவியில் அது 'பெல்' என்று ஒலிக்க, உச்சியில் தொங்கிய மணி அத்திரிபை உறுதியாக்கிவிட்டது. பிரெஞ்சுக்காரரோ இன்றும் 'பெப்ருவா' என்கிறார்கள். அவர்கள் மொழியில் மணிக்குப் பெயர் 'குளோஷ்'. அந்தக் கோபுரத்திலும் மணி உண்டு. பெயரில் மட்டும் இல்லை.

அன்று நான் அகராதியைப் பாராமல் மொழிபெயர்த்திருந்தால், எருசலேம் மதிலை நோக்கி ஒரு மணிக்கோபுரம் உருண்டு போயிருக்கும். தெரிந்த சொல்தானே என்று நாம் கடந்துபோகும் இடத்திலேயே வரலாறு நம்மிடமிருந்து தப்பிவிடுகிறது.