மூணு பீப் சத்தமும் ஒரு சென்னை தொடர்பும்

ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் நம்மூர் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரங்களுக்கு நிஜமான பண்டிகை. வருஷம் பூரா மூடியே திறக்காத சிபியூவை அன்னைக்குத்தான் எல்லாரும் திறப்பாங்க. ப்ளோயர் வச்சு ஊதி, துணியால துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை படைச்சு மூடிடுவாங்க. மறுநாள் காலையில ஸ்விட்சைப் போட்டா ஃபேன் ஓடும். திரை மட்டும் கறுப்பு.

ஊத்துக்கோட்டையில மாமா வச்சிருக்கிற ஜெராக்ஸ், டைப்பிங் கடையிலயும் இதேதான் நடந்தது. திருப்பதி போற ரோட்டுக்குப் பக்கத்துல கடை, புழுதிக்குப் பஞ்சமே இல்லை. கடைப்பையன் ஆசையா சுத்தம் பண்ணியிருக்கான். அப்புறம் பொட்டி எழுந்திருக்கலை. வந்து பார்த்த மெக்கானிக் "போர்டு போச்சு" என்று ஒரே வார்த்தையில சொல்லிட்டு புது போர்டுக்கு விலையும் சொல்லிட்டுப் போயிட்டார். மனு அடிக்க வந்தவங்க வாசல்ல நிக்கிறாங்க. மாமா போன்ல, "என்னடா மாப்ள, பேசாம வேற பொட்டியே வாங்கிடட்டுமா?" என்றார். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"சத்தம் ஏதாச்சும் வருதா மாமா?"

"மூணு தடவ கீக் கீக்குங்குது. அத வேற நிறுத்தணும்டா."

அப்படின்னா போர்டு போகலை. சத்தம் போடணும்னாலே ப்ராசஸர் உயிரோட இருக்கணும், பயாஸ் சிப்பை அது படிச்சிருக்கணும். செத்த போர்டு கத்தாது. அது பழைய ஏஎம்ஐ பயாஸ் இருக்கிற மெஷின், அதோட கணக்குல மூணு பீப் என்றால் மெமரியோட முதல் 64 கேபியிலேயே கோளாறு. ராமைக் கழட்டி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சு, ரெண்டு பக்கக் கொக்கியும் 'டக்'குனு விழற வரைக்கும் அழுத்தச் சொன்னேன். கறுப்புத் திரையில எழுத்து வந்தது.

ஆனா மூணுன்னா மெமரின்னு யார் முடிவு பண்ணது? இதைத் தேடப் போனாதான் கதையே இருக்கு.

பயாஸ் என்ற பேர் கேரி கில்டால் 1970-களில் எழுதின சிபி/எம் ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து வந்தது. அதை வீடு வீடா கொண்டு போனது 1981 ஆகஸ்ட் 12 அன்னைக்கு வந்த ஐபிஎம் பிசி. அதோட ரோம்ல இருந்த பயாஸ் வெறும் 8 கேபி. (இப்ப ஒரு புன்னகை பொம்மைப் படம்கூட அதைவிடப் பெருசு.) அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே, கரண்ட் வந்ததும் தன்னைத்தானே சோதிச்சுக்கிற 'போஸ்ட்' வேலையையும் வச்சிருந்தாங்க. முதல்ல ப்ராசஸர், அப்புறம் ரோம், டைமர், மெமரி என்று போகும், திரை அதுக்கெல்லாம் பிறகுதான். அதனால மெமரியிலயே தடுக்கி விழுந்தா திரையில எழுதிச் சொல்ல வழி கிடையாது. மிச்சமிருக்கிற ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர். எல்லாம் நல்லாயிருந்தா ஒரு குட்டி பீப், டிஸ்ப்ளே கோளாறுன்னா ஒரு நீளம், ரெண்டு குட்டி.

ஐபிஎம் தன்னோட டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகத்துல பயாஸ் ப்ரோக்ராம் முழுசையும் அச்சடிச்சே வித்தது. யாரும் படிக்கலாம், ஆனா காப்பியடிக்க முடியாது. 1983-ல ஆப்பிள் - ஃப்ராங்க்ளின் வழக்குல, ரோமுக்குள்ள இருக்கிற ப்ரோக்ராமுக்கும் பதிப்புரிமை உண்டுன்னு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடியே, 1982-ல காம்பேக் ஒரு தந்திரம் பண்ணியிருந்தது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படிச்சு அது என்னென்ன செய்யுதுன்னு மட்டும் எழுதிக் கொடுக்கும். அதைக் கண்ணாலயே பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வச்சுப் புதுசா எழுதும். இதுக்குப் பேர் 'கிளீன் ரூம்' முறை. (சுத்தம் பண்ணி உருப்படியா பூட் ஆன ஒரே கதை இதுதான்னு நினைக்கிறேன் :-)) 1984-ல ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே வழியில எழுதின பயாஸை மத்தவங்களுக்கும் விற்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் குளோன் மெஷின்கள் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பிடுச்சு.

மாமாவோட பொட்டிக்குக் குரல் கொடுத்தவங்க இந்தக் கூட்டத்துல மூணாவதா வர்றாங்க. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், 1985, அட்லாண்டா பக்கம். ஆரம்பிச்சவங்க சுப்ரமணியன் சங்கர், பாட் சர்மா. ஏஎம்ஐ பயாஸ் முதல்ல 'ஆக்சஸ் மெத்தட்ஸ்' என்ற கம்பெனியோடது, அது சர்மாவும் கூட்டாளியும் நடத்தினது. அங்க சண்டை வந்து பிரிஞ்சதும், பிரபலமாயிட்ட ஏஎம்ஐ என்ற மூணு எழுத்தை விட மனசில்லாம, அதுக்குப் பொருந்துற மாதிரியே புதுக் கம்பெனிக்குப் பேர் வச்சாங்க. மதர்போர்டும் செஞ்சாங்க, முதல் வாடிக்கையாளர் 'பிசிஸ் லிமிடெட்'. அதுதான் பின்னாடி டெல். சென்னையிலயும் இவங்களுக்கு அலுவலகம் உண்டு. 2001-ல ராய்டு பிரிவை எல்எஸ்ஐ லாஜிக்குக்கு வித்தாங்க. 2019-ல கம்பெனியோட பெரும்பங்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குப் போயிடுச்சு. ஊத்துக்கோட்டைக் கடையில கீக் கீக்குனு கத்தினதுக்கும் சென்னைக்கும் ஒரு நூல் இருக்குன்னு சொன்னப்ப மாமா நம்பவே இல்லை.

ஒரு சங்கடம் என்னன்னா, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி பாஷை. அவார்டு பயாஸ்ல மெமரி கிடைக்கலைன்னா விடாம கத்தும். எண்ணிக்கை மட்டும் தெரிஞ்சா போதாது, யார் பயாஸ்னும் தெரியணும். மெக்கானிக்குகள் இதைச் சட்டை பண்ணாததுக்குக் காரணம் இதுவா இருக்கலாம், இல்ல புது போர்டுல கிடைக்கிற கமிஷனா இருக்கலாம்.

சத்தமே வரலைன்னா? அப்ப வேற இடம் பார்க்கணும். 2000-ல பென்டியம் 4 கூட வந்த, ப்ராசஸருக்குன்னு தனியா 12 வோல்ட் தர்ற நாலு முனை ப்ளக்கைத் திரும்பச் செருகாம விட்டிருப்பாங்க. ஃபேன் ஜோரா ஓடும், பொட்டி ஊமையா நிக்கும். இன்னொண்ணு, பழைய எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கிற 115/230 சிவப்பு ஸ்விட்ச். துடைக்கிறப்ப அது 115 பக்கம் நகர்ந்துட்டா நம்ம ஊர் கரண்டுக்கு 'டப்'புனு ஒரு சத்தம் வரும். அந்த பீப்புக்கு எந்தப் புத்தகத்திலயும் அர்த்தம் தேட வேண்டாம்.

இப்ப வர்ற போர்டுகள்ல பயாஸ் இடத்துல யூஈஎஃப்ஐ உட்கார்ந்தாச்சு. பலதுல ஸ்பீக்கரே கூட வர்றதில்லை. சிலதுல ஓரத்துல நாலு குட்டி எல்இடி, எதுல நின்னுச்சோ அது எரியும். ஆனா ஸ்பீக்கர் செருகுற நாலு முள் பல போர்டுல இன்னும் விட்டு வச்சிருக்காங்க. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா சுண்டுவிரல் நுனி அளவுல ஒரு ஸ்பீக்கர் கேளுங்க. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னாடியே செருகி வச்சிடுங்க.