குளத்து நீரும் மின் கணக்கும்

கலிபோர்னியாவின் சொனோமாவில் 1948இல் தாமஸ் சர்ச் அமைத்த டானெல் தோட்டத்துக் குளம், வீட்டு நீச்சல்குளம் என்னும் அமெரிக்கக் கனவுக்கு வடிவம் தந்தவற்றுள் ஒன்று. எரிபொருள் மலிவாயிருந்த அக்காலத்தில், நீரை வடிகட்டிச் சுழற்றும் பம்பின் செலவைக் கணக்கிட்டோர் குறைவு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அக்கணக்கைக் கேட்கத் தொடங்கிற்று.

விடைகள் எளியவையே. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாதலால் போகிறது. இரவில் ஒரு விரிப்பு அதைப் பெருமளவு தடுக்கும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால், கோட்பாட்டின்படி, வேண்டிய மின்திறன் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அதே நீரைச் சுழற்ற இருமடங்கு நேரம் ஓடினாலும் மின்சாரம் நான்கில் ஒரு பங்கே செலவாகும்.

பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்த இவ்விதி வீட்டுக்கு வரத் தாமதமானது ஏன்? பம்பைத் தேர்ந்தவர் பெரும்பாலும் குளம் கட்டியவர். மின்கட்டணம் செலுத்தியவரோ வீட்டுக்காரர். விலை குறைந்த, வேகம் மிகுந்த பம்பே முன்னவருக்கு ஆதாயம். இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்க்கவில்லை. குளப் பம்புகளுக்கான அமெரிக்க நடுவண் அரசின் செயல்திறன் விதி 2021 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. மெதுவாக ஓடுமாறு ஓர் இயந்திரத்தைப் பணிக்க, நெருக்கடிக்குப் பின்னும் 48 ஆண்டுகள் தேவைப்பட்டன. அறிவு கையில் இருந்தும், செலவைச் சுமப்பவரிடம் தேர்வு இல்லாதபோது அது பயன்படாது என்பதையே இவ்வரலாற்றில் நாம் காண்கிறோம்.