தேவதாஸ் எழுதிய கடிதம்

தாடி வளர்த்துக்கொண்டு யாராவது சோகமாக உட்கார்ந்திருந்தால், "என்னப்பா, தேவதாஸ் ஆயிட்டியா?" என்று கேட்பது நம் பக்கம் இன்றும் உண்டு. 1953இல் வந்த படம் செய்த வேலை அது. நாகேஸ்வர ராவ், சாவித்திரி, கண்டசாலாவின் குரல். இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் 1952லேயே காலமாகிவிட, மீதி வேலையை விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் முடித்துக்கொடுத்தார்கள். ஐந்தாறு வருடம் கழித்து எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன். குடித்துக் குடித்துச் செத்த ஒருவனின் கதை என்றுதான் அன்றைக்குப் புரிந்தது.

நாவலைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். பாட்டில் வருவதற்கு முன்னாலேயே கதை முடிந்துவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

எழுதியவர் சரத் சந்திர சட்டோபாத்யாயர். 1876இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்காக 1903இல் ரங்கூன் போய், அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். நானும் கருவூலத்தில் பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஒட்டுதல். பர்மா போவதற்கு முன்பே, இருபதுகளின் நடுவில், 'தேவதாஸ்' நாவலை எழுதிவிட்டார். அது புத்தகமாக வந்தது 1917இல்.

தேவதாஸ் ஜமீன்தார் முகர்ஜியின் மகன். பார்வதி பக்கத்து வீட்டுச் சக்கரவர்த்தியின் மகள். இருவரும் பிராமணர்கள். அப்புறம் என்ன தடை என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் வங்காளத்துச் சரித்திரம் வருகிறது.

வங்கப் பிராமணர்களுக்குள் 'குலீனர்' என்று ஒரு மேல்தட்டு உண்டு. முகர்ஜி, சாட்டர்ஜி, பானர்ஜி எல்லாம் அந்த வரிசை. குலீன மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட கிராக்கி. பணம் வாங்கிக்கொண்டு பல பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஈசுவர சந்திர வித்யாசாகர் 1871இல் இதைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். கீழ் வரிசைக் குடும்பங்களில் நிலைமை தலைகீழ். பெண் கிடைப்பது அரிது என்பதால் மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். நம் ஊர்ப் பக்கம் பரியம் போடுவது என்பார்களே, அதுபோல. ஆனால் பரியம் நம்மிடம் பெருமை. அங்கே அது இழிவு. 'பெண்ணை விற்கிற குடும்பம்' என்று பெயர். பார்வதியின் குடும்பம் அந்த வகை. போதாக்குறைக்குப் பக்கத்து வீடு. ஜமீன்தார் ஒரே பேச்சில் முடியாது என்றுவிட்டார்.

இதற்குப் பிறகு பார்வதி செய்ததுதான் நாவலின் உயிர். நள்ளிரவில், வேலையாட்கள் பார்த்தால் என்ன ஆகும் என்றுகூடக் கவலைப்படாமல், தனியாக நடந்து தேவதாஸின் அறைக்குப் போகிறாள். அவன்தான் நடுங்குகிறான். மறுநாள் அப்பாவிடம் பேசிப் பார்க்கிறான், அவர் கோபிக்கிறார். இவன் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிடுகிறான். அங்கிருந்து கடிதம் எழுதுகிறான்: பெற்றோர் மனதைப் புண்படுத்த முடியாது, உங்கள் குடும்பம் தாழ்ந்தது, என்னை மறந்துவிடு என்று. தபாலில் போட்ட மறுகணமே தவறு உறைக்கிறது. ஊருக்கு ஓடி வருகிறான். இப்போது பார்வதி சம்மதிக்கவில்லை. உனக்கு இருக்கிற மானம் என் அப்பா அம்மாவுக்கு இல்லையா என்பது அவள் கேள்வி. தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடித்துவிட்டுப் போகிறான். அவளை நாற்பதை ஒட்டிய ஒரு ஜமீன்தாருக்கு, வளர்ந்த பிள்ளைகள் உள்ளவருக்கு, இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். குடியெல்லாம் இதற்குப் பின்னால் வருவது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

1969இல் நானும் அப்படி ஒரு கடிதம் எழுதியவன். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தவள். ஒரே சாதிதான். அவள் அப்பா கல்யாணங்களுக்குச் சமைக்கப் போகிறவர். என் அப்பா கர்ணம். "நம்ம வீட்டுப் பந்தியில கரண்டி பிடிச்சவனுக்கு நான் சம்பந்தியா?" என்றார் அப்பா. அவரிடம் நான் பதில் பேசவில்லை. வேலை பார்த்த ஊரிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டேன். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை, மன்னித்துவிடு என்று நான்கு வரி. தேவதாஸாவது ஓடிவந்தான். நான் அடுத்த பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போனேன். அதற்குள் அந்த வீடு காலியாகியிருந்தது.

தாடி வளர்க்கவில்லை, குடிக்கவும் இல்லை. கல்யாணம், குழந்தைகள், பதவி உயர்வு என்று எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. என் மனைவிக்கும் இது தெரியும். நாவலைப் படித்துவிட்டு அவளிடம் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எல்லாரும் அவன் செத்ததுக்கு அழறாங்க. அந்தக் கடுதாசியை அவ எப்படிப் படிச்சிருப்பான்னு யாராவது நினைச்சாங்களா?" என்றாள்.

ஐம்பது வருடத்துக்கு மேலாக நானும் நினைத்துப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படம் பார்த்தவர்கள் நாவலையும் ஒருமுறை படியுங்கள்.