சூரியன் வரை நீண்ட கொத்தனார் கோல்

பாரிஸில் கிராண்ட் ஷாத்லே என்ற கோட்டையின் படிக்கட்டு அடியில், சுவரில் ஓர் இரும்புச் சட்டம் பதித்திருந்தார்கள். அதன் இரு முனைகளும் வெளியே துருத்தி நிற்கும். கொத்தனார்கள் தங்கள் கோலைக் கொண்டுவந்து நடுவில் பொருத்திப் பார்ப்பார்கள். சரியாக அடங்கினால் அது ஒரு துவாஸ். நம்மவர் சொல்லும் பாகத்தைப் போல, இரு கைகளையும் விரித்த நீளம். ஆறு பிரெஞ்சு அடி, அதாவது சுமார் 1.949 மீட்டர். பழைய சட்டம் கோணிப்போனதால் 1668-ல் புதியது வைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே அந்த அளவை எடுத்துக்கொண்டு பூமியை அளக்கப் புறப்பட்டார் பிரெஞ்சு வானியலாளர் ழான் பிக்கார். வில்ஜூயிஃபிலிருந்து ஜுவிசி வரை கல் பாவிய நேர்சாலையில் மரக்கழிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளந்தார்கள். போகும்போது 5,662 துவாஸ் 5 அடி. திரும்பும்போது 5,663 துவாஸ் 1 அடி. பதினொரு கிலோமீட்டரில் வித்தியாசம் இரண்டே அடி! நடுவாக 5,663 என்று வைத்துக்கொண்டார் பிக்கார்.

அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே அமியான் பக்கம் வரை தூரத்தைக் கணக்கிட்டார். வழியில் காசியோப்பியா விண்மீன் ஒன்றின் உயரத்தைப் பார்த்து, அந்தத் தூரம் எத்தனை பாகை என்று கண்டறிந்தார். ஒரு பாகைக்கு 57,060 துவாஸ் என்று விடை வந்தது. அதிலிருந்து பூமியின் ஆரம் சுமார் 32.7 லட்சம் துவாஸ்.

வானியலாளர்களுக்கு இது பெரிய வரவு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தை ஒன்று என்று வைத்தால் செவ்வாய்க்குச் சராசரி 1.52 என்பது கெப்ளர் காலத்திலிருந்தே தெரியும். அந்த ‘ஒன்று’ எவ்வளவு நீளம் என்பதுதான் புதிர்.

1672-ல் செவ்வாய் பூமியை நெருங்கியபோது பாரிஸில் வானியலாளர் காசினியும், தென்னமெரிக்காவின் கயேனில் மற்றொரு வானியலாளர் ரிஷேரும் அதைப் பார்த்துக் குறித்தார்கள். இரு இடத்துக் கோண வேறுபாட்டிலிருந்து செவ்வாயின் தூரத்தையும், அதன் வழியே சூரியனின் இடமாறு கோணம் (சூரியனிலிருந்து பார்த்தால் புவியின் ஆரம் தெரியும் கோணம்) 9.5 விகலை என்றும் காசினி கணித்தார். அப்படியானால் சூரியன் சுமார் 21,700 புவி ஆரத் தொலைவில் இருக்க வேண்டும். பிக்காரின் ஆரத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 7,100 கோடி துவாஸ், அதாவது 13.8 கோடி கிலோமீட்டர். உண்மைத் தூரம் 15 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தவறு கோலில் இல்லை, மிகச் சிறிய அந்தக் கோணத்தில்தான்.

துவாஸ் பிறகு மீட்டருக்கு வழிவிட்டது. அந்த மீட்டரையும் 1799-ல் துவாஸை வைத்தே வரையறுத்தார்கள்: 864 லீன்ய் கொண்ட துவாஸில் 443.296 லீன்ய். சூரியத் தூரமோ 2012 முதல் 1,49,59,78,70,700 மீட்டர் என்று சர்வதேச வானியல் ஒன்றியத்தால் நிலையாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இனி அதை யாரும் அளப்பதில்லை; ஒரு மைலுக்கு இத்தனை மீட்டர் என்பதுபோல அதுவும் ஒரு வாய்ப்பாட்டு எண்.